தார் பூசிய டியூடர் பங்களா

பிரிக்பீல்ட்ஸில் நேற்றுச் சாலைக்குத் தார் போட்டார்கள். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைக்குள் ஓட, நான் மட்டும் தே தாரேக் டீயைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து நின்றேன். தார் வாசனை வந்தால் எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரும். இங்கிலாந்துக்கு நான் போனதில்லை என்பது வேறு விஷயம்.

கிள்ளானுக்குப் போயிருக்கிறேன். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த ஒரு தோட்டத்தில்தான் என் இங்கிலாந்து இருந்தது.

அப்போது இதே தெருவில், ஒரு கட்டடக் கலைஞரின் மாடி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு ஆறாவது மாதம். பென்சில் சீவுவதில் தேர்ச்சி பெற்றிருந்தேன். தோட்டத்தை வாங்கியவர்கள் துரை பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்ட நினைத்தார்கள். காப்பாற்ற வேண்டிய கட்டடமா என்று ஓர் அதிகாரி வந்து முடிவு செய்வார். அதற்குமுன் யாராவது அளந்து, வரைந்து, அறிக்கை எழுத வேண்டும். பாஸ் என்னை அனுப்பினார்.

பார்த்ததும் மயங்கிவிட்டேன். வெள்ளைச் சுவர், அதில் நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாகக் கறுப்புச் சட்டங்கள். செம்பனைகளுக்கு நடுவே ஒரு வரிக்குதிரை. அலுவலகத்துப் புத்தகம் சொன்னது: டியூடர் அரசர்கள் காலத்தில் முதலில் ஓக் மரத்தில் வீட்டின் எலும்புக்கூட்டை நிறுத்துவார்கள், இடைவெளிகளில் குச்சி பின்னிக் களிமண்ணும் சாணமும் அப்புவார்கள். சாணம் என்று படித்ததும் அந்த அரசர்கள்மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. மேல்மாடி கீழ்மாடியைவிட ஒரு முழம் துருத்தி நிற்கும், பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்ப்பதுபோல. சன்னலில் ஈயப் பட்டைகளுக்குள் சாய்சதுரக் கண்ணாடிகள். உயரமான செங்கல் புகைபோக்கி. ரப்பர் விலை ஏறிய காலத்தில், ஊர் ஏக்கம் தாளாத ஒரு துரை இதையெல்லாம் இங்கே கட்டியிருந்தார், குளிர்காயும் கணப்படுப்பு உட்பட. கிள்ளான் வெயிலில் கணப்படுப்பு. நான் போனபோது அதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

கோழி கமலா அக்காவுடையது. தோட்டத்திலேயே பிறந்தவர், கடைசித் துரைக்குச் சமைத்தவர், பங்களாவின் பின்கட்டில் தனியாகக் குடியிருந்தார். பங்களா நின்றால் அவரும் இருப்பார்.

"நல்லா எழுது தங்கச்சி. பிளாட்டுக்குப் போனா இந்தக் கோழிக்கு லிப்ட் ஏறத் தெரியாதுலா," என்றார்.

நல்லாத்தான் எழுதினேன். மூன்று நாள் வரைந்தேன். பழைய ஓக்கில் கைவியர்வை படக்கூடாது என்று எங்கோ படித்திருந்ததால், சட்டங்களை விரலால்கூடத் தொடவில்லை. வாசலுக்கு மேலே மட்டும் ஒரு சட்டம் நேராக இறங்கி, கதவை நெருங்கியதும் வளைந்து ஒதுங்கியது. எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. 'மேற்கு இங்கிலாந்துத் தச்சர்களின் அரிய வளைவு' என்று துணிந்து எழுதினேன். கிழக்கில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

பாஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மரத்தத் தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் பாஸ்."

பார்க்கவில்லை.

அதிகாரி வந்த காலையில், பாஸும் நானும் வாசலில் நிற்க, பங்களா மினுமினுத்தது. என் நெஞ்சு நிறைந்தது. மூக்குக்கு மட்டும் ஏதோ சந்தேகம். அதிகாரி என் அறிக்கையை விரித்தார், அரிய வளைவை அண்ணாந்து பார்த்தார், அப்படியே வாசலோரச் சட்டத்தில் உள்ளங்கையை ஊன்றினார். எடுத்தபோது கை கறுப்பு. தெரியாமல் வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவரும் டியூடர் ஆனார்.

கமலா அக்கா துணியோடு ஓடிவந்தார். "இன்னும் காயலையா சார்? நேத்துதான் அடிச்சேன், கைக்கு எட்டுன வரைக்கும். பெரிய ஆளுங்க வந்தா புதுசா தார் அடிக்கிறது இங்க வழக்கம். முந்தியெல்லாம் கிறிஸ்மஸுக்கு எங்கப்பா அடிப்பாரு."

அதிகாரி தட்டினார். மரம் இல்லை, சிமெண்டு. "அந்த வளைவு?" என்று கேட்டார்.

"அதுவும் அப்பாதான். வாசலுக்கு நேரா கோடு இறங்குனா வீட்டுக்கு ஆகாதுன்னு வளைச்சி விட்டுட்டாரு. துரை ரெண்டு நாள் கத்துனாரு, அப்புறம் பழகிட்டாரு."

அதிகாரி சிரித்தார். பாஸ் சிரிக்கவில்லை. தட்டியிருந்தால் அக்காவிடம் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அவர் அப்பா போட்ட வளைவையே அறிக்கையின் முதல் வரியாக வைத்திருப்பேன். இல்லாத தச்சர்களோடு சேர்ந்து மற்ற பக்கங்களும் அன்றைக்கே செத்தன.

பங்களாவை இடித்தார்கள். அக்காவுக்குக் கம்போங் மேடானில் பத்தாவது மாடி வீடு கிடைத்தது. கோழியைக் கொண்டுபோகவில்லை. "நான்தான் ரெண்டு நாள் முந்தி அடிச்சிருக்கணும் தங்கச்சி. காஞ்சிருக்கும்," என்றார். பாஸ் திட்டிய எதுவும் இப்போது நினைவில்லை. இது இருக்கிறது.

நேற்று மாலையே கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். அங்கே அடுக்குமாடிகள். காவலர் அறை மட்டும் டியூடர்: வெள்ளைச் சுவர், கறுப்புச் சட்டங்கள். வாசலுக்கு மேலே ஒரு சட்டம் வளைந்து ஒதுங்கியது. என் வரைபடத்தை யாரோ பார்த்து அப்படியே செய்திருக்கிறார்கள்.

"யாரப் பாக்கணும் ஆன்டி?" என்றார் காவலர்.

"இதத்தான்," என்று சொல்லிவிட்டு, இருபத்தைந்து வருடம் தாமதமாகத் தட்டினேன். பிளாஸ்டிக். உள்ளங்கையை நன்றாக அழுத்தி எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.