என் மனைவியின் புக்மார்க்குகள்

பக்கவாதம் வந்து தேறிய பிறகு என் மனைவியால் நடக்க முடிந்தது, பேச முடிந்தது, கறிக்கு உப்புப் பார்க்க முடிந்தது. வாசிக்க மட்டும் முடியவில்லை. எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றன, சொல்லாகச் சேர மாட்டேன் என்கின்றன என்றாள். பாலிங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். தன் கையால் எழுதிய வரியையே அடுத்த நிமிடம் படிக்க முடியாமல் அவள் தடுமாறியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண், "படம்னா அக்காவுக்கு ஒடனே புரியுது அண்ணே. வீட்லயும் எழுத்துக்குப் பதிலா படம் வச்சுப் பாருங்க," என்றாள்.

மனைவியின் மடிக்கணினியில் அவள் சேமித்து வைத்த இணையதள புக்மார்க்குகள் நிறைய இருந்தன. சமையல், வானொலி, பழைய பாட்டு, ஜித்ராவில் இருக்கும் அவள் தங்கை தன் பிள்ளைகளின் சேட்டைகளைப் பற்றி எழுதும் வலைப்பதிவு. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் அந்தத் தளத்தின் குட்டிப் படம் இருக்கும். அந்தப் படங்களை மட்டும் எடுத்து, பெரிதாக்கி, ஒரே பக்கத்தில் அடுக்கிவிட்டால் அவளே தொட்டுத் திறந்துகொள்வாள் என்று கணக்குப் போட்டேன். நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இயந்திரங்கள் கக்கும் எண்களைப் பிரித்தெடுக்கக் கணினியில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிப் பழக்கம் உண்டு.

புக்மார்க்குகளை ஒரே கோப்பாக இறக்கினேன். அதில் ஒவ்வொரு முகவரிக்குப் பக்கத்திலும் அதன் படம் புரியாத நீண்ட எழுத்துக் குவியலாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டியெடுத்து மறுபடி படமாக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடியது. ஆனால் கோப்பில் பல முகவரிகளுக்குப் படமே இல்லை. அந்தத் தளங்களிடமே நேராகக் கேட்டு வாங்கும்படி மாற்றினேன். சில கொடுத்தன, சில எப்போதோ மூடப்பட்டிருந்தன. கிடைத்தவையும் அரிசி அளவுதான். பெரிதாக்கியதும் கலங்கிப்போயின.

ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்துக் காட்டினேன்.

"இது அந்தச் சமையல்காரம்மா! செவப்புச் சட்டி!" அவள் முகம் மலர்ந்தது. "இது ரேடியோ."

பிறகு விரல் நின்றுவிட்டது.

"தங்கச்சியோடது எங்கங்க?"

ஆரஞ்சு நிறக் கட்டம் ஒன்றைக் காட்டினேன். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும்.

"இதெல்லாம் எழுத்துதானேங்க?"

எழுத்துதான். பெரும்பாலான தளங்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தையே படமாக வைத்திருந்தன. அத்தனை நாள் அவற்றோடு மல்லுக்கட்டிய என் கண்ணில் அது படவே இல்லை.

"மாத்திர்றேன்மா," என்று மட்டும் சொல்ல வந்தது. அந்தக் கட்டத்தில் தங்கையின் புகைப்படத்தை வைத்தேன். அவள் அதைத் தொட்டாள். வலைப்பதிவு திறந்தது. மேலிருந்து கீழ்வரை எழுத்து. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு மூடியைச் சாத்தினாள்.

"பரவால லா. நீங்க நல்லாதான் செஞ்சிருக்கீங்க," என்றாள். எனக்குச் சமாதானம் சொன்ன அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் நானே அதைத் திறந்து படித்துக் காட்டினேன். தங்கை வேடிக்கையாக எழுதியிருந்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை.

"ரொம்ப வேகமா படிக்கிறீங்க," என்றாள்.

முதல் வரியிலிருந்து மறுபடி மெதுவாக ஆரம்பித்தேன்.