மச்சான் லிஃப்டில் ஏறமாட்டார்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "ஸ்பேனர்" என்றால்தான் ஊருக்கு அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் நானே ஒரு நிமிஷம் யோசிப்பேன். ஆள் முசுடு. கோபம் வந்தால் பேசமாட்டார், சாப்பாட்டு டப்பாவை மட்டும் டங்கென்று வைப்பார்.

இவரைச் சீண்டவென்றே பிறந்தவர் இவருடைய அக்காவின் கணவர். எனக்கு அண்ணன் முறை. எங்கள் வீடு ஆறாவது மாடி. இவர் கைவைத்த லிஃப்டில் அண்ணன் ஒருநாளும் ஏறியதில்லை.

"உன் தம்பி நட்டைச் சரியா முடுக்குனானோ என்னமோ. எனக்குப் புள்ளைங்க இருக்கு" என்று என் நாத்தனாரிடம் சொல்லிவிட்டுப் படியேறி வருவார்.

"மூச்சு வாங்குதா மச்சான்?" என்று இவர் கேட்பார்.

"எனக்கா? சும்மா பெருமூச்சு."

அந்த அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. மூளை செத்துவிட்டது என்று டாக்டர்கள் உறுதி செய்தார்கள். மெஷின் தயவில் நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. கல்லீரலைத் தானம் தரலாமா என்று கேட்டார்கள். நாத்தனார் சரி என்றார். இவருக்கு வந்ததே கோபம்.

"முழு மனுசனைக் கூறு போட்டு அனுப்புறியாக்கா?" என்று கேட்டவர், அப்புறம் அக்கா முகத்தைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் ஆபரேஷன் முடிந்தது. இன்னொரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அந்தக் கல்லீரலுக்காகக் காத்திருந்தாள். கீழே வண்டி தயார். ஐஸ் பெட்டியோடு நர்ஸ் லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது.

எல்லாம் எங்கள் சொந்தபந்தத்தின் கைங்கரியம். கூட்டமாக ஏறுவதற்காக, காலையில் இவருடைய சித்தப்பா கதவிடுக்கில் நாற்காலியைச் செருகி வைத்திருக்கிறார். கதவு வளைந்துவிட்டது. துக்க நேரத்திலும் கை சும்மா இருக்காது இவர்களுக்கு.

அந்த லிஃப்டும் இவர் பராமரிப்பதுதான். செக்யூரிட்டி ஓடிவந்தார். "சார், வேற ஆள் வர்றதுக்குள்ள அது வீணாயிடும்கிறாங்க."

இவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்து வந்தார்.

"தம்பி, உன் மச்சான் லிஃப்டுல மாட்டிக்கிட்டாரு. அவருக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? போய் எறக்கி விடுடா."

இவர் எழுந்து ஓடினார். மொட்டைமாடி மெஷின் ரூமில் கரண்டை நிறுத்தி, செக்யூரிட்டியைப் பிரேக்கை விடுவிக்கும் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, லிஃப்டை இறக்கும் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார். நான் மூன்றாவது மாடிக் கதவில் காதை வைத்து நின்றேன்.

"அசையுதுங்க" என்றார் உள்ளே இருந்த நர்ஸ். உடனே நின்றது. பிறகு மெதுவாக மறுபடி அசைந்தது. லிஃப்ட் நேராக வந்து நின்றதும் இவர் இறங்கி ஓடிவந்து சாவி போட்டுக் கதவை விலக்கினார்.

"அந்தப் பக்கம் இன்னொரு லிஃப்ட் இருக்குல்ல?" என்று நர்ஸ் கேட்டார்.

"வேண்டாம்மா. அவர் படியிலதான் வருவார்."

சொல்லிவிட்டுப் பெட்டியின் ஒரு கைப்பிடியை இவர் பிடித்துக்கொண்டார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் நேரமில்லை. இரண்டு பேரும் தடதடவென்று இறங்கினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வழியில் நின்றவர்களை அதட்டியபடி நானும் பின்னால் ஓடினேன்.

வண்டி கிளம்பியதும் இவர் மேலே வந்தார், அதுவும் படியேறித்தான். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வண்டி ஏத்தி விட்டுட்டேன்க்கா."

"லிஃப்டுலயா கூட்டிட்டுப் போன?"

"படியிலதான்."

நாத்தனார் இவர் தலையைத் தடவிக்கொடுத்தார். "மூச்சு வாங்குதேடா உனக்கு."

"எனக்கா? சும்மா பெருமூச்சு" என்றவர், அக்கா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.