அபுபக்கர் பாயின் அனுமதி

போடியில் அபுபக்கர் பாயிடம் ஒரு நாள் வேலை பார்த்தவருக்குக்கூடத் தெரியும், அந்த மனுஷரால் எதையும் அடுத்தவர் கையில் விட முடியாது. ஏலக்காய் உலர்த்தும் ட்ரையர் செய்கிற பட்டறை அவருடையது. வெல்டிங் வைப்பவர் வைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று "இழு, இழு, போதும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். டீ வாங்கிவர ஆளை அனுப்பிவிட்டு, பின்னாலேயே டீக்கடைக்குப் போய் நிற்பார். மகள் கல்யாணத்தில் பிரியாணி தம்மைத் திறந்து பார்த்து, சமையல் பண்டாரியிடம் சபையில் வைத்துத் திட்டு வாங்கியவர்.

அப்படிப்பட்டவருக்குப் போய் மருமகன் ரோஷன் கம்பெனியை நடத்த ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தான்.

"எந்தச் சாமான் வருது, எது போகுது, எந்த ட்ரையர் எந்த எஸ்டேட்ல நிக்குது, எல்லாத்தையும் போன்லயே பாத்துக்கலாம் மாமா. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதி என்ற சொல் பாய் காதில் ஏறவே இல்லை. பார்த்துக்கொள்ளலாம் என்பது மட்டும் நன்றாக ஏறியது. வாரண்டியில் இலவசமாகப் போகிற எந்தச் சாமானும், அது நட்டாக இருந்தாலும், அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது என்றார்.

"அப்ப அனுமதி குடுக்க ரெண்டு பேரைப் போடணும் மாமா. ஒருத்தர் இல்லாட்டி இன்னொருத்தர்."

"என்னையப் போடு."

"ரெண்டாவது?"

"எங்கிட்ட இன்னொரு நம்பர் இருக்குல்ல, அதைப் போடு."

ரோஷன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். "பெரியகருப்பண்ணனைப் போடலாமே?" என்று கேட்டுப் பார்த்தான். பெரியகருப்பன் பட்டறையின் போர்மேன். பட்டறை திறந்த நாளிலிருந்து கூடவே இருப்பவர். "அவனுக்கெதுக்கு அந்தத் தொல்லை" என்றார் பாய். அதை அன்போடு சொன்னதாகத்தான் அவருக்கு நினைப்பு.

அதன்பிறகு மனுஷர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வாஷருக்கு ஒரு மணி, ஒரு பெல்ட்டுக்கு ஒரு மணி என்று போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அனுமதி, துக்கம் கேட்கப் போன வீட்டில் அனுமதி. "ரெண்டு போனையும் கொண்டாங்க, கெணத்துல போட்டுட்டு வர்றேன்" என்று மனைவி சுஃபியா ஒருநாள் கையை நீட்டியே விட்டாள். இத்தனைக்கும் நடுவில், அவசரம் என்று வந்த தேவாரம் ஊர்க்காரருக்கு அனுமதி வருமுன்னே ஒரு பெல்ட்டைக் கொடுத்துவிட்டார் பெரியகருப்பன். பாய் அத்தனை பேர் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டுக் குடுத்தே? இனிமே நானே வாயால சொன்னாலும் இதுல வராம எதுவும் போகக் கூடாது" என்று கம்ப்யூட்டரைக் காட்டினார்.

அடுத்த மாதம் வந்தது வினை. ராசிங்காபுரத்து முனீஸ்வரன், பாயை மாமா முறை சொல்லிக் கூப்பிடுகிற பழைய சினேகிதர், போடிமெட்டுக்கு மேலே குத்தகைக்குத் தோட்டம் எடுத்திருந்தார். வாரண்டி இன்னும் முடியாத அவருடைய ட்ரையரில் காற்று தள்ளுகிற மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. பறித்த பச்சைக்காய், ட்ரையர் நிற்கிற ஸ்டோரில் குவிந்து கிடந்தது. அன்றைக்கே சூடு ஏறாவிட்டால் காயின் நிறம் போய்விடும். நிறம் போன காயை ஏலத்தில் ஏறெடுத்துப் பார்க்க ஆள் கிடையாது. வேறு யாராவது என்றால் மெக்கானிக்கை அனுப்பியிருப்பார்கள். பாய் தானே ஜீப்பு ஏறினார்.

போய்ப் பார்த்தால் மோட்டார் சுத்தமாகக் கருகியிருந்தது. புதுசுதான் போட வேண்டும். ஜீப்புக்காரன் அதற்குள் பூப்பாறைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மழையில் டவரும் போய்விட்டது. தோட்டத்து ஆபீஸில் இருந்த பழைய கம்பிப் போனில் பட்டறைக்கு அடித்தார்.

"கருப்பா, புது மோட்டார் ஒண்ணை வெரசா அனுப்பு."

"இந்தா, இப்பவே அனுமதி கேட்டுட்டேன் பாய். இன்னும் வரலை."

"நான்தானய்யா சொல்றேன்!"

"நீங்க வாயால சொன்னாலும் அனுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டாவது நம்பருக்கும் கேட்டுட்டேன்."

ரெண்டாவது நம்பரும் பாயின் சட்டைப் பையில்தான் செத்துக் கிடந்தது. ரிசீவரை வைத்துவிட்டு, கைக்கு ஒரு போனாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோட்டத்தில் மேடு கண்ட இடமெல்லாம் ஏறி இறங்கினார். அட்டை கடித்ததுதான் மிச்சம். முனீஸ்வரன் காய்க் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள புழுங்கி வெதுவெதுன்னு ஆயிருச்சு மாமா" என்றார். இந்தக் காய் போனால் குத்தகைக்கு எங்கே போவது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பாய்க்குத் தேவலையாக இருந்திருக்கும். கண்டவனையும் திட்டினார், ரோஷனைத் திட்டினார், டவரைத் திட்டினார். கடைசியில் திட்ட ஆள் இல்லாமல் தன்னையே திட்டிக்கொண்டார்.

பொழுது சாயும் முன்னே ஒரு ஜீப்பு மேலே ஏறி வந்தது. பெரியகருப்பன் இறங்கினார். பிள்ளையை மார்போடு அணைத்த மாதிரி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டோருக்குள் போனார். பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினார். அடுப்பு பற்றியது, மோட்டார் சுழன்றது, காய்க்குச் சூடு ஏறியது. முனீஸ்வரன் அப்போதுதான் கீழே உட்கார்ந்தார்.

"எப்படிய்யா கொண்டாந்தே? அனுமதி இல்லைன்னியே?" என்றார் பாய்.

"கல்லாவுல காசு கட்டி வாங்கினா அது அனுமதி கேக்குறதில்ல பாய். ரோட்ல போறவன்கூட வாங்கிட்டுப் போயிரலாம். நானும் அப்படித்தான் எங்காசைக் கட்டி வாங்கிட்டு வந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பாய் பதிலுக்குக் கத்தியிருப்பார். பெரியகருப்பன் சாதாரணமாகச் சொன்னார். ரோட்டில் போகிற எவனுக்கும் தன் பட்டறையில் இருக்கிற உரிமை இந்த ஆளுக்கு இல்லாமல் போனதே, அதுவும் தன் கையாலேயே அப்படிச் செய்து வைத்தோமே என்று பாய்க்கு வெட்கமாக இருந்தது. வழக்கம்போல, போல்ட்டுகளைச் சரிபார்க்க ஸ்பானருக்காகக் கையை நீட்டினார்.

"முறுக்கியாச்சு பாய்" என்றார் பெரியகருப்பன்.

அபுபக்கர் கையை இழுத்துக்கொண்டார்.