மிதந்து போன நாற்பத்தொன்று

மட்டாஞ்சேரியில் யாராவது இசக்கிமுத்துவைத் திருடன் என்று சொன்னால் முதலில் சிரிக்கிறவள் அவன் பெண்டாட்டி சீனியம்மாளாகத்தான் இருப்பாள். பஸ்ஸில் எவரோ விட்டுப்போன குடையைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் அதே பஸ்ஸில் ஏறி ஆள் தேடிய மனுஷன் அவன். "இவுகளுக்குத் திருடத் தெரிஞ்சிருந்தா நான் எந்துக்கு ஊரார் வீட்டுப் பாத்திரம் கழுவுறேன்?" என்பாள். அப்படிப்பட்டவனுக்குத்தான் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பினார்கள். அதுவும் எதைத் திருடினான் என்று? பிளாஸ்டிக்கை! சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

காயலோரத்தில் ஒரு துப்பாக்கி கிளப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்ட முதலாளிமாரும் மர வியாபாரிகளும் கூடுவார்கள். தண்ணீருக்கு மேல் பலகை மேடை. அதில் நின்றுகொண்டு, விசையில் பறந்து வரும் மண் தட்டுகளைச் சுட்டு உடைப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. சுட்டதும் துப்பாக்கியை மடக்கினால் காலித் தோட்டா தெறித்து விழும். அதைப் பொறுக்கி, எண்ணி, ஆயுத அறையில் ஒப்படைப்பது இசக்கிமுத்துவின் வேலை. ஒன்று குறைந்தாலும் போலீஸ் விடாது. காலித் தோட்டாவில் மறுபடி மருந்து அடைத்து நாட்டுத் துப்பாக்கிக்காரன் காட்டில் சுடுவான் என்ற பயம் அவர்களுக்கு.

அறுபத்தொன்பதில் தினக்கூலியாகச் சேர்ந்தான். பன்னிரண்டு வருஷம் ஒரு தோட்டா குறைந்ததில்லை. பாதித் தோட்டாக்கள் காயலுக்குள் விழும், விழட்டுமே! எல்லாம் கனத்த பித்தளை, விழுந்த இடத்திலேயே கிடக்கும். விடியற்காலம் கடல் உள்வாங்கும் வேலியிறக்கத்தில் தண்ணீர் வற்றியதும் மேடைக்கு அடியில் இறங்கி, சேற்றைக் காலால் துழாவி அத்தனையையும் எடுத்துவிடுவான். அதனால் ஒரு பழக்கம் வந்தது. தண்ணீரில் கிடப்பதையும் சேர்த்து முழு எண்ணிக்கைக்கும் ஞாயிறு சாயங்காலமே கையெழுத்துப் போட்டுவிடுவான். ஆயுத அறையைப் பார்த்துக்கொண்ட ராமபத்ரனுக்கும் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திருப்பூணித்துறைக்குப் போக வேண்டும். "காயல் எங்கடா ஓடிப் போறது, ஒப்பைப் போடு" என்பார். காயல் ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

எண்பத்தொன்றில் அவனைத் தினக்கூலியிலிருந்து ஸ்திரமாக்கும் உத்தரவு தயாராகி, கிளப் செக்ரட்டரி மேஜைக்கு வந்துவிட்டது. ஜூலை முதல் தேதி கையெழுத்தாகும் என்று பேச்சு. சீனியம்மாள் காளிக்கு நேர்ந்துகொண்டாள். வீட்டில் அந்த மாதம் முழுக்க வேறு பேச்சே இல்லை. ஸ்திரமானால் பெண்டாட்டி இன்னொருத்தி வீட்டு எச்சில் தட்டைத் தொடக் கூடாது என்று அவன் முடிவு கட்டி வைத்திருந்தான்.

அந்த ஜூனில்தான் கிளப்புக்குப் புதுத் தோட்டா வந்தது. உடம்பெல்லாம் பச்சைப் பிளாஸ்டிக். அடியில் மட்டும் பேருக்கு ஒரு தகரமூடி.

"பித்தளைக் காலம் முடிஞ்சுடுத்துடா இசக்கி. எடையே இல்லை, பாரு" என்று ராமபத்ரன் ஒன்றை அவன் கையில் போட்டார்.

"பஞ்சு போலல்லோ இருக்கு, சாமி! வாளி தூக்கித் தூக்கி என் தோள் போயிருச்சு. நல்ல காரியம் செஞ்சாங்க" என்று இவனும் சந்தோஷப்பட்டான். பாவி, சந்தோஷப்பட்டான்!

அந்த ஞாயிறு போட்டி. நல்ல மழை, நிறைந்த காயல். மேடையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினான். நாற்பத்தொன்று தண்ணீருக்குள். எப்போதும் போல முழு எண்ணிக்கைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துப் படுத்தான்.

விடிந்து தண்ணீர் வற்றியது. இறங்கித் துழாவினான். காலில் சிப்பி குத்தியதே தவிர ஒரு தோட்டா அகப்படவில்லை. மேடைக்கு அடியில் ஒரு சாண் விடாமல் உழுதான். அப்புறம்தான் பஞ்சு போலிருந்த அதன் எடை ஞாபகத்துக்கு வந்தது. முந்தின நாள் மேடையில் பொறுக்கிய வாளியிலிருந்து ஒரு பச்சைத் தோட்டாவை எடுத்துப் பக்கத்துச் சாலில் ஓடிய தண்ணீரில் போட்டான். அது மூழ்கவில்லை. தலையைத் தூக்கிக்கொண்டு மிதந்து, இழுப்போடு காயல் கடலில் சேரும் அழிமுகத்தைப் பார்க்கப் புறப்பட்டது. விழுந்தடித்து ஓடி அதைப் பிடித்தான். மற்ற நாற்பத்தொன்றும் அந்நேரம் கடலுக்கே போயிருக்கும்.

புதன்கிழமை போலீஸ் வந்து எண்ணியது. கையெழுத்து இருந்தது, தோட்டா இல்லை. ராமபத்ரன் வாயைத் திறந்தால் அவர் வேலையும் போகும். மனுஷன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். "யாருக்கு வித்தே?" என்று கேட்டார்கள்.

"பித்தளை இருந்தப்போ ஒண்ணு எடுக்காதவன் இந்தக் குப்பையை எடுப்பேனா, சாரே? மிதந்து போயிருச்சு" என்றான் இசக்கிமுத்து.

தோட்டா மிதக்குமா என்று ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. செக்ரட்டரி உத்தரவை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "காணாமப் போனதைக் கொண்டு வா. பிறகு பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! கல்வத்திக் கால்வாய், படகு ஜெட்டி, வைப்பின் கரை, அழிமுகம் என்று கொட்டுகிற மழையில் கரை ஒதுங்கிய ஆகாயத்தாமரைக் குவியல்களைக் கிளறினார்கள். ஒரு நாள் இரண்டு, ஒரு வாரம் ஒன்றுமில்லை. சீனியம்மாள் வேலைக்குப் போகாமல் இரண்டு வீடு கைவிட்டுப் போயின. மூன்று மாதத்தில் முப்பத்தெட்டு சேர்ந்தது. தகரமூடி துருவேறி, சிலவற்றில் சிப்பி ஒட்டி வளர்ந்திருந்தது. மீதி மூன்றுக்குக் காலில் விழுந்துவிடலாம் என்று அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான்.

செக்ரட்டரி பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"முப்பத்தெட்டா?"

"ஆமா, சாரே. ஒவ்வொண்ணும் கரையிலே பெறக்கினது."

"மூணு மாசம் கழிஞ்சு முப்பத்தெட்டு திரும்பி வருது. அப்போ இத்தனை நாளும் இது உன் கையிலேதானே இருந்தது?"

இசக்கிமுத்து ஒரு தோட்டாவை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். சிப்பியைக் காட்டினான். அவர் அதற்குள் போலீஸைக் கூப்பிட ஃபோனை எடுத்துவிட்டார். பொருள் அவனிடமிருந்தே கிடைத்தது என்று எழுதி முடித்தார்கள். ஏதோ தயவு பண்ணுகிற மாதிரி ஜெயிலுக்கு அனுப்பவில்லை. வேலை போயிற்று. அதற்கப்புறம் மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு மூட்டை சுமந்தான். சீனியம்மாள் முன்பு மூன்று வீடு என்றால் இப்போது ஐந்து வீட்டுப் பாத்திரம் தேய்த்தாள்.

எண்பத்து நாலில் ஒரு நாள் இரண்டு பேரும் ஜெட்டியில் படகுக்கு நின்றார்கள். படிக்கட்டு ஓரம் பாசிக்கு நடுவே பச்சையாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. சீனியம்மாள்தான் முதலில் பார்த்தாள்; பழைய பழக்கத்தில் குனிந்து கையை நீட்டினாள். இசக்கிமுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"எடுக்காதே புள்ள. இதையும் நாமதான் வெச்சிருந்தோம்னு சொல்லுவான்."