வேப்பமரத்திலிருந்து ஆறாவது

"செம்மஞ்சள் வெள்ளை. செம்மஞ்சள். பச்சை வெள்ளை. நீலம். பச்சை."

ஜவாத் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கடதாசியில் இருந்த நிறங்களை வாசித்தார். மகள் மர்ஷூதா கம்பிகளை அந்த ஒழுங்கில் அடுக்கி, பிளக்கில் நுழைத்து, இறுக்கினாள். சோதிக்கிற கருவியில் குத்திப் பார்த்தபோது விளக்கு எரியவில்லை.

"வாப்பா, நீலத்துக்குப் பிறகு நீல வெள்ளையை விட்டுட்டீங்க."

"கண் ஒப்பரேசன் செஞ்ச மனிசனுக்கு எல்லா வெள்ளையும் ஒண்டுதான் புள்ள. அது சரி, கொழும்புல ஒனக்குச் சம்பளம் குடுக்கிறது இதுக்கா?"

பதினொரு வருடமாக நெட்வேர்க் வேலை பார்க்கிறவளுக்கு அந்த ஒழுங்கு தெரியாததல்ல. கை தன்பாட்டில் அவருடைய குரலின் பின்னால் போய்விட்டது. பிளக்கை வெட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். இந்த முறை அவர் விரலை வைத்து வாசித்தார். எட்டு விளக்கும் எரிந்தன. அது ஒரு சனிக்கிழமை காலை.

முன் அறையில் இருந்த றவுட்டரிலிருந்து குசினி ஜன்னல் வழியாகப் பின்னறைக்கு வயர் இழுத்தார்கள். பின்னறையில் இருந்தது ஜவாத்தின் பழைய கொம்பியூட்டர். தொண்ணூற்றொன்பதில் வாங்கியது. மஞ்சள் பாரித்த பெட்டி. இரைச்சல், அரவை ஆலையின் இரைச்சல்.

சாய்ந்தமருதில் அவரை டைப் ஜவாத் என்றால்தான் தெரியும். மெயின் வீதிக்கு மேற்குப் பக்கம் கடை. முதலில் தட்டச்சு இயந்திரம். பிறகு இந்தக் கொம்பியூட்டர். பிறகு இதோடு இன்னும் மூன்றைக் கோர்த்து, ஒரே தொலைபேசி வயரில் ஊருக்கு இன்டர்நெட் காட்டினார். ஆசிரியர்களின் இடமாற்ற விண்ணப்பம், வள்ளச் சொந்தக்காரர்களின் மனு, கல்யாண அழைப்பு எல்லாம் அவர் விரலால் போனவை. ஊரில் எல்லார் கையிலும் போன் வந்தபிறகு கடையை மூடினார். மற்ற மூன்றையும் கொடுத்துவிட்டார். இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

காரணம் அதற்குள் இருந்த ஒரு பக்கம்.

சுனாமிக் கிழமையில் ஊரில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் கொம்பியூட்டரை ஓடவிட்டு, ஜனாஸாக்களை அடக்கிவிட்டு வந்தவர்கள் சொல்லச் சொல்ல ஜவாத் அடித்தார். பெயர் தெரிந்தவர்களின் பட்டியலை அச்செடுத்துப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தார். பெயர் தெரியாதவர்களின் பக்கம் வந்தபோது பிரின்டரின் றிபன் தீர்ந்துவிட்டது. றிபன் வந்ததும் எடுப்போம் என்று வைத்தார். றிபன் வந்தது. அதற்குள் ஊர் கூடாரம், நிவாரணம், வீட்டுத்திட்டப் படிவம் என்று போய்விட்டது. யாரும் கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. இருபது வருடம்.

மூன்று மாதத்துக்கு முன்னர் நிந்தவூரிலிருந்து றுக்ஸானா என்றொருத்தி வந்தாள். சுனாமியில் அவளுக்கு ஒன்பது வயது. அன்று சாய்ந்தமருதுக்கு விருந்துக்கு வந்த அவளுடைய உம்மாவைக் கடல் கொண்டுபோனது என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். அவளுடைய வாப்பா மௌத்தாகப் படுத்திருந்தபோதுதான், இல்லை, எங்கேயோ அடக்கியிருக்கலாம் என்று அவளுக்குச் சொன்னார்.

"அடையாளம் ஏதும் இரிக்கா மகள்?" என்று ஜவாத் கேட்டார்.

"இடது காலில தையல் போட்ட காயம். சைக்கிள் செயின் வெட்டினது."

"தையல் போட்ட கால் எண்டு நான் அடிச்ச ஞாபகம் இரிக்கி. வரிசைதான் ஞாபகமில்ல. பார்க்காமச் சொல்ல மாட்டன். எடுத்துத் தாறன்."

அன்று பின்னேரமே மர்ஷூதாவுக்குப் போன் எடுத்தார். டிஸ்க்கைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னாள்.

"இருபது வருசத்துச் சாமான். கழட்டப் போய் ஒண்டு கிடக்க ஒண்டு ஆகினா அந்தப் பக்கத்தை நான் எங்க தேடுற? நீ வந்து எடு."

அவர் சொன்னது சரி. பழைய பிரின்டர் செத்துவிட்டது. பிளொப்பி போடுகிற வாய் உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தது. மிஞ்சிய ஒரே வழி, கடைக்காலத்து நெட்வேர்க் துளை. வாற மாசம் வாறன் வாப்பா என்றாள். அடுத்த மாதமும் அதையே சொன்னாள்.

வயரைக் குத்தியதும் வீட்டு இன்டர்நெட் நின்றது. முன் அறையிலிருந்து உம்மா சத்தம் வைத்தா: "என்ன செஞ்ச நீங்க? மகன் கட்டாரிலிருந்து கதைச்சிட்டிருந்தவன், வாயைத் திறந்தபடி நிக்கிறான்."

மர்ஷூதாவுக்கு விளங்கிவிட்டது. கடையில் இந்தக் கொம்பியூட்டர்தான் தலை. மற்ற மூன்றும் இதனூடாகத்தான் வெளியே போயின. அதனால் அதற்கு ஒன்று என்று முடியும் நெட்வேர்க் முகவரி. பெட்டியில் டேப் ஒட்டி எழுதியும் வைத்திருந்தார். புது றவுட்டருக்கும் அதே முகவரி.

"ஒரு வீட்டில ரெண்டு முதலாளியா?" என்றார் ஜவாத். "இவர் பழைய ஆள். இவரை இறக்கு."

முகவரியை இருபத்தைந்தாக மாற்றினாள். டேப்பில் இருந்த ஒன்றை அவர் பேனாவால் வெட்டி இருபத்தைந்து என்று எழுதினார். உம்மாவின் போன் மறுபடி கதைத்தது.

பழைய கொம்பியூட்டரில் இணையத் தளங்கள் திறக்கவில்லை. இன்றைய பூட்டுகளுக்கு அந்தக் காலத்துச் சாவி பொருந்தாது. அது தேவையுமில்லை. தன்னுடைய லெப்டொப்பை இடையில் வைத்து, கோப்பை அதற்கு அனுப்பக் கட்டளை கொடுத்தாள். டிஸ்க் முனகியது. கோப்பு வந்தது.

திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"இதென்ன, வெள்ளைக்காரன் தும்மின மாதிரி?"

"பழைய தமிழ் எழுத்து வாப்பா. இதுல அந்த எழுத்து இல்ல. பொறுங்க." எழுத்துருவையும் அதே வயரில் இழுத்தாள். எழுத்துகள் ஒரே கணத்தில் தமிழாயின.

இருபத்தேழு வரி. பதினாலாவது:

பெண். நாற்பதுக்குள். பச்சைச் சாறி. வலது காதில் மட்டும் தோடு. இடது காலில் பழைய தையல். மூன்றாம் வரிசை, வேப்பமரத்திலிருந்து ஆறாவது.

ஜவாத் அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு கேட்டார்: "அளக்கிற டேப் ஒண்டு கிடந்துச்சே வீட்டில, எங்க?"

"வயர் போதும் வாப்பா. அளக்கத் தேவையில்ல."

அவர் அலுமாரியில் தேடத் தொடங்கினார்.

அந்த வரியை மட்டும் அச்செடுத்துக் கேட்டார். போனில் அனுப்பட்டுமா என்றதற்கு, "இது போன்ல போற சாமானில்ல. திங்கக்கிழமை நானே பஸ்ஸில கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றார். அன்று பின்னேரம் ஒரு கடையில் அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மர்ஷூதா கொழும்புக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, தேத்தண்ணி கேட்டு, அது வருமுன் ஜவாத் போய்விட்டார். நெஞ்சுவலி. அவள் வேன் பிடித்து வந்து சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுது அடக்கிவிட்டிருந்தார்கள். வாப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஜனாஸா அடக்குகிற மையவாடிக்குப் பெண்கள் போகிற வழக்கமும் ஊரில் இல்லை.

மூன்றாம் நாள் வீடு நிறையப் பெண்கள். மூலையில் ஒருத்தி யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். எழும்பிப் போகும்போது மர்ஷூதாவின் கையைப் பிடித்து, "நல்ல மனிசன் ராத்தா" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. அவள் போனபிறகு, அது யார் என்று மர்ஷூதா உம்மாவிடம் கேட்டாள்.

"நிந்தவூர் றுக்ஸானா. அவளுக்கு என்னமோ குடுக்க இரிக்கிண்டு சொன்னவர். குடுத்தாரோ தெரியா." உம்மா விதவைக்கான இத்தாவில் இருந்தா. நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்ட மாட்டா.

கதவுக்குப் பின்னால் அவருடைய சேட் தொங்கியது. ஒரு பையில் அளக்கும் டேப். மற்றதில் கடித உறை. மேலே றுக்ஸானா, நிந்தவூர் என்று அவருடைய எழுத்து. ஒட்டவில்லை. உள்ளே அச்செடுத்த அந்த வரி இருந்தது. கடதாசியைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பேனாவால் மையவாடியை வரைந்திருந்தார். கேற், மதில், ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில்:

மரம் வெட்டியாச்சு. அடிமரம் இருந்த இடம் எனக்குத் தெரியும். அளந்துபோட்டுத்தான் குடுக்கணும்.

அதற்குக் கீழே ஒரு வரி தொடங்கியிருந்தது.

கேற்றிலிருந்து . . . . . . அடி.

எண் எழுத இடம் விட்டிருந்தார்.