சிங்கப்பூருக்குப் போன ஒண்ணுமில்லீங்க

என் வீட்டுக்காரரிடம் யாராலும் சண்டை போட முடியாது. நானே முயன்று பார்த்துத் தோற்றிருக்கிறேன். கோயமுத்தூரில் அவருக்கு மோட்டார் பம்ப் கடை. கருகின மோட்டாரை வண்டியில் போட்டு எடுத்து வருகிற விவசாயி, கடைப்படி ஏறும்போதே, "ஒண்ணுமில்லீங்க, மோட்டாரு பொகைஞ்சு போச்சுங்க" என்பார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அதுக்கென்னங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடலாம்" என்பார். எங்கள் பக்கத்தில் குறை சொல்ல வருகிறவர்கள் "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும் அப்படித்தான். கேட்கிறவர் பதறிவிடக் கூடாதாம்.

எனக்கு அந்த மரியாதை கொஞ்சம் குறைவு.

தொண்ணூறுகளின் கடைசியில், பருத்தியைக் கெடுக்கும் வெள்ளை ஈயைப் பற்றி நான் பிஎச்.டி.க்கு எழுதிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் வேலையாயிருந்த என் தம்பி எனக்கு ஒரு லேப்டாப் வாங்கி அனுப்பினான். இரண்டே மாதம்தான். மூடியை முழுசாகத் திறந்தால் திரை கறுத்துவிடும். பாதி சாத்திய கதவு மாதிரி வைத்தால் மட்டும் எழுத்து தெரியும். கன்னத்தை மேசையில் பதித்து, கீழிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே மூன்றாம் அத்தியாயம் நாற்பது பக்கத்தையும் தட்டினேன். கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுபோயிற்று. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, நான் முறைக்கிறேன் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்.

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் தை மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இன்னொருவரிடம் போய் நிற்க வேண்டும். அந்த இன்னொருவருக்கு வெள்ளை ஈயையும் பிடிக்காது, என்னையும் பிடிக்காது. ஐந்து வருஷ உழைப்பு அம்போ என்று போய்விடும்.

காந்திபுரத்து ரிப்பேர் கடைக்காரர் லேப்டாப்பைத் தொடவே மறுத்தார். "தொறந்தா வாரண்டி போயிருங்க்கா. வாங்குன ஊருலதான் கேக்கோணும்" என்றார். வாரண்டி தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது.

"நீ பேசுனா சண்டையாயிரும் அம்மணி. நான் பேசறேன்" என்றார் வீட்டுக்காரர். சிங்கப்பூர் கம்பெனிக்கு போன் போட எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடி அறைக்குள் அவர் போனார், நான் வெளியே நின்றேன். சிரித்துச் சிரித்துப் பேசினார். வெளியே வந்து, "சொல்லிப்போட்டேன். ரொம்ப நல்ல மனுசன், எல்லாம் குறிச்சுக்கிட்டான்" என்றார். ஒரு வாரம் போயிற்று, ஒரு தகவலும் இல்லை. மறுபடி பேசினார். மறுபடியும் நல்ல மனுசன். மூன்றாவது வாரமும் அதே கதை.

அப்புறம் கடைக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. மூன்று முறை அழைத்ததற்கு நன்றி, மூன்று முறையும் பழுது ஒன்றுமில்லை என்று தாங்கள் தெரிவித்ததில் மகிழ்ச்சி, புகார் முடித்து வைக்கப்பட்டது.

எனக்குத் தலை சுற்றியது. அவரை இழுத்துக்கொண்டு பூத்துக்குப் போனேன், இந்த முறை நானும் கண்ணாடி அறைக்குள் நுழைந்தேன். லைன் கிடைத்தது. இவர் குரலைக் கனிவாக்கிக்கொண்டு ஆரம்பித்தார்: "ஹலோ சார், குட் மார்னிங் சார். நத்திங் சார்."

நத்திங் சார்! "ஒண்ணுமில்லீங்க"வைத்தான் மனுஷன் மூன்று வாரமாகச் சிங்கப்பூருக்கு இங்கிலீஷில் ஏற்றுமதி செய்திருக்கிறார். அதற்கப்புறம் சொன்னதாவது உருப்படியா? "ஸ்கிரீன் லிட்டில் ஷை, சார். யூ டோன்ட் வொர்ரி, சார்." திரை கொஞ்சம் கூச்சப்படுகிறதாம், அவர் கவலைப்பட வேண்டாமாம்!

ரிசீவரைப் பிடுங்கினேன். மூன்று வாரக் கழுத்துவலியையும் சேர்த்து இங்கிலீஷில் கொட்டினேன். அந்த ஆள் ஏதோ விளக்கம் சொல்ல வந்தார். "உங்க விளக்கம் ஒண்ணும் வேண்டாம். எதை வேணும்னாலும் கழட்டுங்க, மாத்துங்க. பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கு எப்படி இருந்துதோ, அப்படியே என் கைக்கு வரணும்" என்றேன். "அப்படியேவா மேடம்?" என்று கேட்டார். "அப்படியே!" என்றேன். பாவம், இன்னொரு தடவையும் கேட்டார். இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

வெளியே வந்தபோது பூத்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "ஏனுங்க்கா, சிங்கப்பூர்க்காரனை வாங்கு வாங்குன்னு வாங்கிப்போட்டீங்களே!" என்றார். பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "அவன் சாப்பிட்டானோ என்னமோ, பாவம்" என்றார்.

தம்பியின் சிநேகிதர் ஒருவர் லீவு முடிந்து திரும்பிப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அவர் கையில் லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினோம். பீரோவுக்குக் கீல் மாற்றுகிறவன் உள்ளே இருக்கிற துணியை எடுத்து வெளியே போடுவானா? அதனால் எதையும் பிளாப்பியில் ஏற்றி வைக்கவில்லை. முதல் இரண்டு அத்தியாயம் அச்சாகிப் பேராசிரியரிடம் இருந்தது. மூன்றாம் அத்தியாயம் லேப்டாப்புக்குள் மட்டும்தான் இருந்தது.

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் லேப்டாப் திரும்பி வந்தது. மூடியைத் திறந்தேன். முழுசாகத் திறந்தது, திரை பளிச்சென்று எரிந்தது. அன்றுதான் வாங்கினது மாதிரி நல்வரவு சொல்லி, என் பெயர் என்ன என்று கேட்டது. நாற்பது பக்கத்தையும் மூலை மூலையாகத் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. கூட வந்த தாளில் ஒரே வரி இருந்தது: வாடிக்கையாளர் இருமுறை உறுதிசெய்தபடி, பெட்டியைப் பிரித்த அன்றிருந்த நிலைக்குக் கொண்டுவரப்பட்டது.

வீட்டுக்காரர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். "நீ கேட்டதைத்தானே கண்ணு செஞ்சிருக்கறாங்க" என்றார். யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

வயல் குறிப்பேடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்றே வாரத்தில் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். பேராசிரியர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் முன்னால் அவரிடம் கையெழுத்து வாங்கினேன். பட்டமும் கிடைத்தது. ஆனால் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் அறிக்கையில், மூன்றாம் அத்தியாயம் மட்டும் அவசரத்தில் எழுதப்பட்டது போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். முதலில் எழுதியது அப்படி இல்லை, அருமையாக இருந்தது. அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.