நேற்றுச் சொன்னது பிழை

குருநகர்க் கரையில், எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கின்றன. பின்னேரம் ஐந்து மணிக்கு அவை ஒரு தரம் கரகரக்கும். பிறகு அக்கா செருமுவது கேட்கும். மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்பதெல்லாம் என் அக்காவிடம் கிடையாது. அந்தச் செருமல் கேட்டதும் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கை நின்றுவிடும்.

அக்கா சங்கத்தில் லிகிதர், கணக்கும் கடிதமும் எழுதுபவர். வானிலை அறிக்கையை வாசிப்பதும் அவர் வேலை. கொழும்பிலிருந்து வரும் அறிக்கை மிகவும் மரியாதையானது. காங்கேசன்துறையிலிருந்து மன்னார் வரையான கடற்பரப்பில் காற்றின் வேகம் அதிகரிக்கக்கூடும், கடல் அவ்வப்போது கொந்தளிப்பாகக் காணப்படக்கூடும் என்று பக்குவமாகச் சொல்லும். குருநகரில் நிற்கும் என் வள்ளம் நாளைக்குப் போகலாமா என்று அதற்கு எப்படித் தெரியும்? அக்கா அதை வாசித்து முடித்து, கரைக்கு வந்தவர்களிடம் கேட்ட காற்றையும் நீரோட்டத்தையும் யோசித்து, தன் பங்குக்கு ஒரு வரி சேர்ப்பார். "எங்கடை சின்ன வள்ளங்கள் நாளைக்குப் போகலாம்" அல்லது "போக வேண்டாம்." அந்த வரியை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவராகத்தான் தொடங்கினார்.

சில வருடங்களுக்கு முன், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரம், வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம். அக்கா போக வேண்டாம் என்றார். ஒரு வள்ளமும் போகவில்லை. மறுநாள் கடல் தாம்பாளத்தில் ஊற்றிவைத்த தண்ணீர்போலக் கிடந்தது. தாழமுக்கம் வடக்கே திரும்பி எங்கோ போய்விட்டது. அந்த வாரத்து மீனை நம்பித்தான் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு. நாலைந்து வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி சங்க வாசலில் நின்று, "பிள்ளை, உன்ரை புயல் எங்கை? வழி தெரியாமல் நிக்குதோ?" என்று கேட்டார். கரை முழுக்கச் சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஐந்து மணிக்கு அக்கா மைக்கிடம் போகும்போது நான் வாசலில் மறித்தேன். "அக்கா, இண்டைக்கு அறிக்கையை மட்டும் வாசியுங்கோ. ஆரும் கேட்டால் கொழும்பு சொன்னது எண்டு விடுங்கோ."

"கொழும்பு போக வேண்டாம் எண்டு சொல்லேல்லைத் தம்பி. நான்தான் சொன்னனான்."

செருமினார். "நேற்று நான் சொன்னது பிழை. உங்கடை ஒரு நாள் தொழில் என்னாலை போச்சு. மன்னிக்கவேணும்." பிறகு வழக்கம்போல அறிக்கை. குடும்ப மானத்தை இரண்டு ஒலிபெருக்கியில் ஏற்றிவிட்டாரே என்று கொதித்து, ஒரு கிழமை அவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் திரிந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் தொடங்கினார். நேற்றுச் சொன்னது சரி. நேற்றுச் சொன்னது அரைவாசி சரி, மழை வந்தது, காற்று வரவில்லை. பெடியள் அவர்போலச் செருமிக் காட்டிப் பகிடி பண்ணினார்கள். அவர் கவனிக்கவில்லை.

தையில் மறுபடி ஒரு தாழமுக்கம் வந்தது. வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. இறால் நன்றாகப் படுகிற நேரம். "போக வேண்டாம். வள்ளங்களையும் மேலை இழுத்துப்போடுங்கோ" என்றார் அக்கா. கரையில் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் சம்மாட்டியைத்தான் பார்த்தார்கள். மண்ணெண்ணெய்க் கானோடு நின்றவர் அதைக் கீழே வைத்தார்.

"பிழைச்சால் பிழைச்சதெண்டு சொல்லுற பிள்ளை அது. இழுங்கோடா."

முதலில் ஏறியது அவருடைய வள்ளம். என்னுடையது கடைசிகளில் ஒன்று. சொந்தத் தம்பி நான், எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விடிவதற்குள் காற்று வந்துவிட்டது. இறங்குதுறைப் பலகைகள் பாதி போயின. சங்கக் கூரையில் ஒரு ஒலிபெருக்கி கவிழ்ந்து தொங்கியது. ஆனால் கடலில் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எந்த வீட்டு ஆளும் குறையவில்லை. காற்று அடித்த அன்று பின்னேரம், பற்றரியில் வேலை செய்த மற்ற ஒலிபெருக்கிக்குக் கீழே நான் காத்திருந்தேன். இன்றைக்காவது அக்கா கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். செருமல் கேட்டது. "நேற்றுச் சொன்னது சரி." அதே குரல், அதே வேகம், அடுத்தது அறிக்கை. அவர் அடிக்காத பெருமையை அன்றிலிருந்து நான்தான் ஊரெல்லாம் அடித்துக்கொண்டு திரிகிறேன்.

இப்போது என் கைபேசியிலேயே கடல் வந்துவிடுகிறது. காற்றுக்கு ஒரு நிறம், அலைக்கு ஒரு நிறம். நல்ல சாமான்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் நேற்றுத் தான் சொன்னது என்ன ஆனது என்று அது ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

நேற்று அக்கா போக வேண்டாம் என்றிருந்தார். இன்று முழுக்கக் கடல் ஆடாமல் கிடந்தது. ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. செருமல். "நேற்றுச் சொன்னது பிழை. மன்னிக்கவேணும். நாளைக்கும் போக வேண்டாம். வள்ளங்களை மேலை இழுத்துப்போடுங்கோ."

வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. நான் எழுந்துபோய் என் வள்ளத்தில் கை வைத்தேன். இந்தத் தடவை கரையில் முதலாவதாக ஏறியது என்னுடையது.